முத்திரையில் விழுந்த கீறல்

அன்பு மகள் யுன்-ஜூவுக்கு, தைனானிலிருந்து அம்மா எழுதுவது. படியேறும்போது முழங்கால் முனகுகிறது, மற்றபடி நான் நலம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அப்பா படத்துக்கு முன்னால் தினமும் ஊதுபத்தி ஏற்றுகிறேன்.

பேய்கள் உலாவுகிற ஏழாம் மாதம் ஒருவழியாக முடிந்தது, பேய்களுக்கெல்லாம் படையல் போட்டு அனுப்பியாயிற்று, நம் வீட்டுப் பேய்தான் பாக்கி. உன் அண்ணன் போ-ஹானைத்தான் சொல்கிறேன். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்த அரசாங்கத்தில் பதிந்து வைத்த என் கறுப்புக் கொம்பு முத்திரை அரிசி டப்பாவுக்குள் இருப்பது உங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் இந்த வீடு. போன மாதம் அரிசி எடுக்கும்போது பார்த்தேன், முத்திரையின் பக்கவாட்டில் ஆணியால் கிழித்த மாதிரி ஒரு கீறல். எந்தப் பக்கம் மேலே என்று தெரிய மற்றவர்கள் முத்திரையில் ஒரு குழி இருக்கும், அப்பா அது வேண்டாம் என்று செதுக்குகிறவரிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் எழுத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் குத்த வேண்டும், அந்த நேரத்தில் குத்தலாமா வேண்டாமா என்று இன்னொரு முறை யோசிக்கலாம் என்பார். யோசிக்காமல் தாள் தாளாகக் குத்துகிறவன்தானே மேல்பக்கத்துக்கு அடையாளமாக அந்தக் கீறலைப் போட்டிருக்க வேண்டும்?

அவனைத் தூண்டிவிட்டது அண்ணி ஷூ-மான்தான் என்று முதலில் சந்தேகம். திடீரென்று காலையில் பால்மீன் கஞ்சி வாங்கி வருகிறாள், அத்தை அத்தை என்று குழைகிறாள், யார் காதில் பூ சுற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் மாதத்தில் வீட்டு விஷயத்தை யாரும் தொடமாட்டார்கள், உன் அண்ணன் அதில் பெரிய பயந்தாங்கொள்ளி. அந்த அவகாசம் எனக்குப் போதும். சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புது முத்திரை செதுக்கி வாங்கி, பதிவு அலுவலகத்தில் மாற்றிவிட்டு, பழையதை அதே டப்பாவில் கமுக்கமாக வைத்துவிட்டேன்.

மாதம் முடிந்த மறுநாளே அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மத்தியானம் திரும்பியபோது முகத்தில் ஈயாடவில்லை. சாப்பிடும்போது, அலுவலகத்தில் கூட்டமா என்று மட்டும் கேட்டேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். வீட்டை மாற்றத் தேவையான முத்திரைச் சான்றை என் சார்பில் கேட்டு முன்பே குத்தி வைத்திருந்த தாளைக் கொடுத்தானாம், பதிவோடு பொருந்தவில்லை, அம்மாவையே கூட்டி வாருங்கள் என்று அங்கிருந்த பெண் திருப்பி அனுப்பிவிட்டாளாம். அப்புறம் சொன்னான்: "தங்கச்சிதாம்மா சொன்னா. அம்மாவுக்கு மறதி வந்துடுச்சு, எவனாவது ஏமாத்தறதுக்குள்ள வீட்டை உன் பேருக்கு மாத்திக்கோன்னு. வித்தா ஆளுக்குப் பாதின்னு."

அவன் பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும், உனக்கும் தெரியும். சிவக்கவில்லை. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாம் மாதம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நீ போன் பண்ணி, முத்திரை இன்னும் அரிசி டப்பாவில்தான் இருக்கிறதா என்று கேட்டாய். அம்மா மேல் எத்தனை அக்கறை என்று அன்றைக்கு ஷூ-மானிடம் பெருமையடித்துக்கொண்டேன். எனக்கு மறதி என்று உனக்கு யார் சொன்னது? நான் உன்னை நம்பவில்லை என்று சொல்லவில்லை. நம்புகிறேன் என்றும் எழுத முடியவில்லையடி.

போனில் வேண்டாம். நேரில் வா, என் முகத்தைப் பார்த்துச் சொல். குழந்தைக்குக் காது மூடுகிற தொப்பி போடு. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லாதே, பிறந்த வீட்டு மானம் போகும். நீங்கள் மூவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், இதைச் சந்தேகமில்லாமல்தான் எழுதுகிறேன்.

எப்போதும் என் பேருக்குக் கீழே சிவப்பாக ஒன்று குத்தி அனுப்புவேன். இந்தத் தடவை குத்தவில்லை. யாரும் எதையும் எழுதிச் சேர்க்க முடியாதபடி, கீழே மிஞ்சிய வெற்றுத் தாளையும் கத்தரித்துவிட்டேன்.

உன் அம்மா,
சாய் யுவே-ஷியா