நீ கட்டிய விசில் கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பொய் எழுத மனசு வரவில்லை. போனில் பேசலாம் என்றால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதம் அப்படியில்லை, தூக்கிப் போட்டாலும் எங்காவது கிடந்து கண்ணை உறுத்தும்.

மாமாவுக்குத் தாடையில் கட்டியிருந்த கம்பியை எடுத்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, இனிப் பேசப் பேசத்தான் வாய் பழைய நிலைக்கு வரும் என்று டாக்டர் சொன்னார். மெல்ல முடியாததால் சாப்பாட்டை இன்னும் அரைத்துத்தான் கொடுக்கிறேன். திங்கட்கிழமை விசாரணை. அவர் வேலை செய்கிற மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பாய்லரில் அழுத்தம் மீறினால் ஆவியை வெளியே விடுகிற சேப்டி வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள், ஒருநாள் வெடிக்கும் என்று எல்லார் முன்னாலும் சொன்னதற்குத்தானே வழிமறித்து அடித்தார்கள்? அதை அவர் தன் வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், பொய்ப்புகார் சொன்னார் என்று வேலை போய்விடும். அதுகூடப் போகட்டும், அந்தப் பாய்லர் அப்படியே ஓடும், பக்கத்தில் நின்று துணி பிழிகிறவர்கள் கதி என்ன? அதற்காகத்தான் தினமும் பால்கனியில் நின்று பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

உன் வீடியோ வந்த அன்றோடு அது நின்றது.

பேச்சுரிமையைப் பற்றி நீ மேடையேறிச் சிரிக்க வைக்கிற நிகழ்ச்சி என்றதும் பெருமையாகத்தான் உட்கார்ந்து பார்த்தேன். "பேச்சுரிமை வேணும்னா முதல்ல பல்லை எண்ணி வச்சுக்கோங்க" என்று நீ ஆரம்பித்தபோது நானும் சிரித்தேன், மறைப்பானேன்? அடுத்த மூச்சில் "எங்க மாமா இருக்காரே" என்றாய். வாயில் ஸ்ட்ராவை வைத்துக்கொண்டு "ம்ம்... ம்ம்" என்று என் புருஷன் முனகுவதைப் போலவே முனகிக் காட்டினாய். "வீட்ல குக்கர் விசில் அடிச்சாலே கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்குவாரு, அவரு பாய்லரைப் பத்திச் சொல்ல வந்துட்டாரு" என்றாய். கூட்டம் கைதட்டியது. அடப்பாவி, எந்தக் குக்கருக்கடா அவர் ஒளிந்தார்? எங்கள் வீட்டில் குக்கரை இறக்கி வைப்பதே அவர்தான்.

என் பின்னால் நின்று அவரும் பார்த்திருக்கிறார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் கடைக்குப் போனவரைப் பார்த்து, கூட வேலை செய்கிறவனே "ம்ம்... ம்ம்" என்று முனகிச் சிரித்தானாம். பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் அதைக்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

போனில் நான் திட்டியதற்கு நீ என்ன சொன்னாய்? "அக்கா, நீயும் பேச்சுரிமைக்கு எதிரியாயிட்டியா?" நன்றாக இருக்கிறது உன் நியாயம்! வாயை மூடு என்று நான் எப்போது சொன்னேன்? சொன்னது கேவலம் என்றேன். மேலே ஏறி நின்று சொல்ல உனக்கு உரிமை உண்டென்றால், கீழே உட்கார்ந்து தூ என்று சொல்ல எனக்கு இல்லையா? அடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை உன் வாயில். அடிபட்டவர் நம் வீட்டு மனுஷர், திருப்பிக் கேட்கமாட்டார் என்ற தைரியம். இதற்குப் பெயர் துணிச்சலா?

நேற்றுச் சாயங்காலம் சலவைக்கூடத்து மேலாளர் பழப் பையோடு வீடு தேடி வந்தார். "உங்க குடும்பத்தையே சந்தி சிரிக்க வச்சுட்டானேம்மா" என்று ஒரே உருக்கம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். உன்மேல் நான் ஒரு புகார் கொடுத்தால் போதுமாம், இனி எந்த அரங்கிலும் நீ ஏற முடியாதபடி பார்த்துக்கொள்வாராம். பதிலுக்கு, திங்கட்கிழமை மாமா உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டுமாம். "என் தம்பியைத் திட்ட எனக்கு வாய் இருக்கு, உங்க தயவு வேண்டாம், பையை எடுத்துட்டுக் கிளம்புங்க" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, அப்படியானால் உன் வீடியோவை விசாரணையில் போட்டுக் காட்டுவோம் என்றார். "விசில் சத்தத்துக்கே பயப்படுற ஆளு பாய்லர் வெடிக்கும்னுதானே சொல்வாரு? சொல்றது யாரு, சொந்த மச்சினன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதனால்தான் எழுதுகிறேன். வீடியோவை எடு என்று கேட்கவில்லை; எடுத்தாலும் அவர்களிடம் இருக்கிறது. நீ வா. வந்து, அந்த விசில் கதை சிரிப்புக்காக நான் கட்டியது என்று விசாரணையில் ஒரு வார்த்தை சொல். பயந்துவிட்டான், பணிந்துவிட்டான் என்று உன் ரசிகர்கள் கிண்டலடிப்பார்கள், தெரியும். அடிக்கட்டுமே. அவர்களுக்கும் பேச்சுரிமை உண்டுதானே?

இதையும் சொல்லிவிடுகிறேன். மேலாளர் படி இறங்கியதும் மாமா உள்ளறையிலிருந்து வந்து வாயைத் திறந்தார். வார்த்தை குழறியது, இரண்டாவது தடவை சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. "அவன் மேடையில யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். உன்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அழுகையாக வந்துவிட்டது எனக்கு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தொண்டையைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வாயை எவனும் அடைக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன். திங்கட்கிழமை அவர் போகத்தான் போகிறார். வீடியோ ஓடும், அந்த அறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதை அவர் தனியாக நின்று கேட்கும்படி விட்டுவிடாதே, தம்பி.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அக்கா