ஜெபாவின் அமெரிக்க ஃபண்டு

2013 ஆகஸ்ட் 4, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. துணி காயவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஜெபாவின் அம்மா போன். ஜெபா பேரிலிருந்த அமெரிக்க ஷேர் ஃபண்டு இப்போது அவர் பேருக்கு மாறிவிட்டதாம். விற்பதா, வைப்பதா, புரியவில்லை. “நீயும் அவளும் ஒண்ணாத்தானே போட்டிய, மக்களே. நீ சொன்னாச் சரி.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது.

ஃபண்டில் நாங்கள் சேர்ந்தது, சென்னைப் பக்கம் ஒன்றாகத் தங்கியிருந்த இதே படப்பை அறையில்தான். ஏஜென்ட் தாளை நீட்டியதும் நான் தயங்கினேன். ஜெபா சிரித்தாள். “அமெரிக்காக்காரன் கம்பெனி லைன்ல நாம நிக்கோம்லா. அவனும் நமக்காகக் கொஞ்சம் ஒழைக்கட்டும்.”

ஏப்ரலில் அந்த லைனிலேயே மெஷினில் சிக்கிச் செத்தாள். அவள் கட்டில் காலி. ஹவுஸ் ஓனர் ஆள் கூட்டி வருகிறார். விஷயம் தெரிந்ததும் போய்விடுகிறார்கள்.

ஆக. 6, செவ்வாய்

பி ஷிஃப்ட். அதற்கு முன் பிரவுசிங் சென்டர். மூன்று ஃபண்டு பார்த்தேன்.

அமெரிக்கா: நல்ல ஏற்றம். ஆனால் டாலர் மதிப்பு ஏறிய லாபமும் அதில் சேர்த்தி. ரூபாய் தேறினால் லாபம் இளைக்கும்.
சீனா: வருஷக்கணக்காகப் படுத்தே கிடக்கிறது.
உலகச் சுரங்கக் கம்பெனிகள்: விலை ஏறி இறங்கும் படத்தைப் பார்க்கவே பயம்.

எல்லாவற்றிலும் இங்கே ஒரு கட்டணம், வெளிநாட்டில் ஒரு கட்டணம். உள்ளூர் ஷேர் ஃபண்டுக்கு உள்ள வரிச் சலுகையும் இல்லை.

ஏஜென்ட் பாபுவுக்கு போன். “இன்னாமா யோசிச்சிக்கினு கீற? சைனா மலிவா கீது. மாத்திடு.” மாற்றினால் உங்களுக்குக் கமிஷனா? “ஆமா, அதுக்கின்னா?”

அமெரிக்க ஃபண்டு எந்தெந்தக் கம்பெனிப் பங்கு வைத்திருக்கிறது என்று பட்டியல். மேலிருந்து நாலாவது, எங்கள் கம்பெனி. என் கழுத்தில் தொங்கும் கார்டில் உள்ள அதே பெயர்.

ஷிஃப்ட்டில் ஜெபாவின் மெஷின் பக்கம் பார்க்கக் கூடாது என்றிருந்தேன். அவள் செத்த அன்று மெஷினின் பாதுகாப்புக் கதவை மூடாமலே ஓட்டச் சொன்னார்கள். இப்போது மூடுகிறது. மூடும்போது ஒரு சின்ன பீப். ஒவ்வொரு பீப்புக்கும் தலை தானாகத் திரும்புகிறது. அங்கே புதுப் பெண்.

ஆக. 8, வியாழன்

தலைவலி. சமைக்கவில்லை. பன், டீ.

ஷேர் ஆட்டோவில் பின்னாலிருந்து, “எட்டி, கொஞ்சம் தள்ளி இரி.” ஜெபா குரலேதான். திரும்பவில்லை. ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

ஆக. 11, ஞாயிறு

வெயில். ஜெபாவின் அம்மாவுக்கு போன் போட்டேன். சீனா வேண்டாம், செலவுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள், மீதி இருக்கட்டும் என்றேன். பிறகு அந்த நாலாவது பெயரையும் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை.

அங்கே கோழிச் சத்தம்.

“அப்பம் அவங்க லாபத்துல ஒரு துளி எனக்கும் வருது, இல்லியா?”

“ஆமாம்மா.”

“அவ செத்த அன்னைக்கு அந்த ஷேரு கூடிச்சா, கொறஞ்சுதா?”

மறுபடி பிரவுசிங் சென்டர். அந்தத் தேதியைப் போட்டேன். ஏறியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஏறியிருந்தது.

வெளியே வந்து போன் போட்டேன். “கொறஞ்சிதும்மா. நல்லாவே.”

“அப்பம் அவங்களுக்கும் ஒறைச்சிருக்கு.” அழுதார். பிறகு, “வித்துரு மக்களே. எல்லாத்தையும்.”

பாபுவிடம் விற்கும் படிவம் வாங்கி அனுப்ப வேண்டும்.

என் பேரிலிருக்கும் ஃபண்டு அப்படியே இருக்கிறது. நாளை ஏ ஷிஃப்ட்.