ஏழு மணிக்குக் கெடும் கேபிள்

என் அருமை வாலுக்கு,

பெற்றது என் அண்ணன், வளர்த்துக் கெடுத்தது நான் என்ற உரிமையில் சித்தப்பா எழுதுவது. நான் சுகம், முட்டி மட்டும் படிக்கட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இல்லையென்றாலும் இருக்கிறேன் என்றுதான் சொல்வாய். டிவிக்கு நீ அனுப்பிய அந்த நீள ஸ்பீக்கரை, சவுண்ட் பாரைப் பார்க்க அடுத்த மாதம் முதல் வாரம் கம்பெனி ஆள் வருவார், இத்தோட உங்க தொல்லை தீர்ந்தது சித்தப்பா என்று நேற்று சொன்னாய். அவர் வந்து கை வைப்பதற்குள் உனக்கு ஒரு கதையைச் சொல்லிவிட வேண்டும். நானும் ஒரு மின்விசிறியும் கூடியிருக்கும் இந்த முன்னறைச் சபையில் சத்தியம் செய்து சொல்கிறேன், இதை ஒருவரும் நம்பப்போவதில்லை.

நீ அனுப்பிய பெட்டியை நான்கு பேர் தூக்கி வந்தார்கள், ஐந்தாமவர் முன்னால் ஓடித் தெருவை விலக்கினார். கேபிளை எடுத்து டிவியின் முதுகில் கண்ணில் பட்ட துளையில் செருகினேன். படம் ஜோராக வந்தது, சத்தம் டிவிக்குள்ளேயே முனகியது, பார் மட்டும் ஊமை. உனக்குத் தகவல் அனுப்பினேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் கேட்கும் உன் குரல், மறுநாள் புதன்கிழமையே, இங்கே சாயங்காலம் ஏழு மணி, அங்கே நீ ஆபீசுக்குக் கிளம்பும் நேரம், வந்துவிட்டது. எல்லாத் துளையும் ஒண்ணு இல்ல சித்தப்பா, பக்கத்துல ஏ-ஆர்-சின்னு போட்டிருக்கும், அதுல செருகுங்க, அதுலதான் சத்தம் திரும்பிப் பாருக்கு வரும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாய்.

அதற்குப் பிறகும் விடவில்லையே இந்தக் கேபிள். கடைக்குப் போனேன். கடைக்காரர் தங்க முலாம் பூசிய ஒன்றைத் திறந்து காட்டினார், அந்த ஜொலிப்பில் தெருவே கண்ணை மூடிக்கொண்டது, இரண்டு பேருந்துகள் வழி மாறிப் போயின. ஆனால் மனிதர் நேர்மையானவர். தங்கம் துருப்பிடிக்காம இருக்கத்தான் சார், படம் அதனால அழகாயிடாது, வந்தா முழுசா வரும், இல்லேன்னா புள்ளி புள்ளியா வெட்டி வெட்டி நிக்கும் என்றார். நான் கேட்பேனா, நீளம்தான் கௌரவம் என்று பதினைந்து மீட்டர் வாங்கினேன். அது வீட்டை மூன்று சுற்றுச் சுற்றி என்னையும் நாற்காலியோடு கட்டிப்போட்டது, சிக்னல் பாதி வழியில் களைத்து உட்கார்ந்துவிட்டது. நீ அங்கே குடிபோகப்போகும் புது வீட்டுக்கு வாங்கும்போது தேவைக்குமேல் ஒரு முழம் போதும். தூரம் அதிகமென்றால் உள்ளே கண்ணாடி இழை ஓடும் ரகம் கேள், அதில் எந்த முனை டிவிக்கு என்று எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் ஒன்றும் வராது. அப்புறம் சிவப்பு வெளிச்சம் வரும் அந்த ஆப்டிகல் கேபிளை நுனியின் பிளாஸ்டிக் மூடியோடு நான் குத்திக்கொண்டிருந்ததை நீ நாற்பது நிமிடம் விசாரித்துக் கண்டுபிடித்தாயே, அன்றைக்கு உனக்கு ஆபீசில் தாமதம். இப்படி இருபத்தாறு நாள். உங்க வீட்டு கேபிளுக்கு மட்டும் மணி பாக்கத் தெரியுமா சார், ஏழானா படுத்துக்குதே என்று கடைக்காரர் கேட்டார். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மாடி வீட்டு டீச்சர் மகளோடு இருக்க ஊரைவிட்டுப் போய்விட்டார். மேலே நாற்காலி இழுபடும் சத்தத்தை எவ்வளவு திட்டியிருக்கிறேன், இப்போது அதுவும் இல்லை. நீ ஒவ்வொரு கேபிளாகக் கழற்றச் சொல்லி, நாளைக்குப் பாக்கலாம் சித்தப்பா என்று போனை வைத்ததும், டிவியில் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து மூலைக்கு மூலை நகரும். நான் உடனே அணைப்பதில்லை. வீட்டில் நகருவது ஒன்றாவது இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், புது வீட்டில் வெயிலும் காற்றும் நிறைந்திருக்கட்டும், ஆயுசோடு இரு. கேபிளைச் சுவரோடு மடித்து நெருக்காதே, உள்ளே முறியும். கம்பெனி ஆளை வர வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடு, பாவம், அவருக்கு இங்கே வேலையில்லை. நான்கு பேர் தூக்கி வந்தது பொய், பேருந்து வழி மாறியது பொய், என்னைக் கட்டிப்போட்டதும் பொய். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்தப் புதன்கிழமையே, நீ சொன்ன துளையில் செருகியதுமே, சத்தம் கணீரென்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் ஆறே முக்காலுக்குக் கேபிளை உருவி வைத்தது நான்தான்.

அன்புடன்,
உன் சித்தப்பா