ஒரு படி கூட்டி எழுதினேன்

ஜனவரி 6

நாளைய காற்று ‘மோசம்’ என்று எழுதி அனுப்பினேன். ‘சுமார்’ என்று வெளியானது. எங்கள் காற்றுத்தர அலுவலக இயக்குநர் எந்தக் கணிப்பையும் ஒரு படி குறைக்காமல் வெளியிட மாட்டார். அதனால்தான் அவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்தோம். ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். மூச்சுத் திணறினால் பரவாயில்லை, பயப்படத்தான் கூடாது. தங்கமான மனசு.

ஜனவரி 8

ஞாயிற்றுக்கிழமை நகர ஓட்டம். தங்கை பெயர் கொடுத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ஒரு வருடமாகப் பயிற்சி எடுத்துப் பத்து கிலோமீட்டர் வரை வந்துவிட்டாள். டாக்டரின் நிபந்தனை ஒன்றுதான்: காற்று ‘மோசம்’ என்று அறிவித்தால் ஓடக் கூடாது. அறிவிப்பது யார்? நாங்கள்தான். வேலியே பயிரை மேய்கிற கதை.

ஜனவரி 9

ஞாயிறு காலை காற்று அசையாது. தரையில் குளிர், மேலே வெதுவெதுப்பு — சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. வண்டிப் புகையெல்லாம் உள்ளேயே கிடக்கும். என் கணக்குப்படி மோசம். கத்திரி பட்டால் சுமார்.

தங்கையைப் போகாதே என்றேன்.

“உங்க ஆபீஸ் மோசம்னு போடட்டும்க்கா, நின்னுடுறேன். நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளி.”

ஜனவரி 10

‘மிக மோசம்’ என்று எழுதினேன். அவர் ஒரு படி வெட்டினால் சரியான இடத்துக்கு வந்துவிடும். இத்தனை வருட அனுபவம் வேறு எதற்கு?

அதே நாள், மாலை

பாவி மனுஷன் வெட்டவே இல்லை! அப்படியே போட்டுவிட்டார். ஓட்டமே ரத்து. ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

ஓடிப்போய்க் கேட்டேன். அவர் மனைவிக்கு ரெண்டு நாளாக இருமலாம். “இந்தத் தடவை நீ சொன்னத அப்படியே நம்பிட்டேம்மா” என்றார். என்றைக்கும் இல்லாத திருநாளாக இன்றைக்கா நம்ப வேண்டும்?

தங்கை கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள்.

ஜனவரி 11

எதிர்வீடு தெரியவில்லை. மூடி நான் நினைத்ததைவிடத் தாழ இறங்கியிருக்கிறது. கருவிகள் எல்லாம் காட்டுவது: மிக மோசம்.

என் பொய் பலித்துவிட்டது. கணக்குத்தான் தப்பு.

ஜனவரி 13

கூட்டத்தில் எனக்குக் கைதட்டல். துல்லியம் என்றால் இதுதானாம். இனிமேல் என் கணிப்பில் கை வைப்பதில்லை என்று கத்திரி எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் தங்கை: “இனிமே நீ சொன்னாலே கேக்குறேன்க்கா.” அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

ஜனவரி 24

அன்று ரத்தான ஓட்டம் நாளைக்கு நடக்கிறது. கணக்கு ‘சுமார்’ என்கிறது. கை ‘மோசம்’ என்று எழுதத் துடிக்கிறது. அவளை வீட்டிலேயே உட்கார வைத்துவிடலாம். நம்புவாள் — அதுதான் கஷ்டம்.

வெட்டுவதற்கு ஆள் இருந்தவரை எவ்வளவு நிம்மதி. எது தப்பானாலும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

‘சுமார்’ என்றே எழுதினேன்.

ஜனவரி 25

பாதையோரம் இன்ஹேலரோடு நின்றேன். லேசான காற்று. தங்கை வந்தாள், கையை ஆட்டினாள், நிற்காமல் போய்விட்டாள்.

மூச்சு வாங்கியது எனக்குத்தான்.