அண்ணன் வாசிக்காத பக்கம்

அன்பு மகளுக்கு,

இதை நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. இங்கே வெக்ஸ்போர்ட்டில் நடக்கும் முதியோர் வகுப்பில் ஏழு மாதமாகத் தமிழ் எழுத, வாசிக்கப் படிக்கிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது.

உன் கடிதத்தை அவன்தான் வாசித்துக் காட்டினான். உங்கள் கடற்கரை நகரத்தின் முதல் மேயர் மீன் வியாபாரி என்று எழுதியிருந்தாய். போரில் குண்டு விழுந்தபோதும் நகரசபையைப் பூட்டாதவர் இன்னொருவர். வருகிற மே மாதம் மேயராகப் போவது நீ. "அவ்வளவுதான் அப்பா, மேயர்மாரின்ரை கதை" என்று மடித்து வைத்தான்.

நேற்று அவன் வேலைக்குப் போனதும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கடைசிப் பக்கம் எனக்குப் புதிது. உங்கள் முதல் பெண் மேயர் பதவியேற்க, தகப்பனோடு மண்டபத்துக்குள் நடந்து வந்தாராம். "என் கணவர் இப்போது உயிரோடு இல்லை. நீங்கள் என்னோடு நடந்து வருவீர்களா, அப்பா?" என்று கேட்டிருந்தாய்.

இரவு சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"தங்கச்சிக்குப் பதில் போட்டியா?"

"ஓம். உங்களுக்குப் பயணம் ஏலாது எண்டு எழுதினனான்." சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

உன் கல்யாணத்தன்று, "இனி அவளின்ரை வாசல் மிதிக்கமாட்டன்" என்று நான் சொன்ன சொல்லை அவன் இன்னும் காவல் காக்கிறான். அவனைக் கோபிக்காதே. சொன்னவன் நான்.

என் பாஸ்போர்ட் அவன் அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. முதலில் இதைத் தபாலில் போடுகிறேன், பிறகு பின்வாங்க முடியாது. அவன் வந்ததும் சாவியைக் கேட்பேன்.

உன்னோடு நடந்து வரும்,
அப்பா