மதிலுக்குக் கீழே போன குழாய்

தம்பி,

மூன்று நாளாகக் கை கழுவுகிறேன். இந்தப் பசை மணம் விரலை விட்டுப் போவதாக இல்லை. பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டுகிற பசை. குழாய் வேலைக்கு வந்த பாஸ் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, கடைசி மூட்டுக்கு நானேதான் பூசினேன். உன் அண்ணி சோற்றுக் கோப்பையை நீட்டும்போது மூக்கைச் சுளிக்கிறாள். "அறுபத்தெட்டு வயசில உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை?" என்று கேட்டாள். அவளுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்லவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருடமாகிறது என்பது எனக்குத் தெரியாமலில்லை. பக்கத்து வீட்டில் உயிரோடு இருந்தவனோடு பத்து வருடம் கதைக்காதவன் நான். இப்போது எழுதுகிறானே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை எங்கள் பக்கத்துக் கக்கூஸ் பொங்கியது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் ஒன்றரை வாளியாய்த் திரும்பி வந்தது. குளியலறைக்குள் கால் வைக்க முடியவில்லை. உன் அண்ணிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் காலோடு அவள் விடியற்காலையில் பஸ் ஏறித் தெஹிவளையிலுள்ள மகள் வீட்டுக்குப் போய் வந்தாள். வயிற்றைக் கலக்கினால் பஸ்ஸுக்குப் பார்த்திருக்க வேண்டிய நிலைமை வெள்ளவத்தையில் எங்களுக்கு மட்டும்தான் வந்திருக்கும்.

இதைக் கேள்விப்பட்டதும் காணித் தரகர் வந்துவிட்டார். அவர் மூக்குக்கு எட்டாத மணமில்லை. "ரெண்டு பங்கையும் சேர்த்துக் குடுத்தீங்கள் எண்டா எட்டு மாடி எழுப்பலாம். உங்களுக்கும் அதில ஒரு வீடு. உந்தப் பழைய குழாயோட ஏன் மாரடிக்கிறீங்கள்?" என்றார். எங்கள் ஒழுங்கையில் எல்லாம் தொடர்மாடிகளாகிவிட்டன. தனி வீடு என்று மிஞ்சியிருப்பது நமது ஒன்றுதான். நடுவில் மதில் கட்டி இரண்டாக்கிய பிறகும் எனக்கு ஒன்று என்றுதான் எழுத வருகிறது, பார். குழாய் சரிவராவிட்டால் வீட்டைக் கொடுப்பது என்று உன் அண்ணியும் நானும் முடிவெடுத்திருந்தோம். அந்த முடிவை எடுத்த அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று ஒரு பாஸைக் கூப்பிட்டேன். சிங்கள மனிதர், குழாய் வேலையில் தலை நரைத்தவர். நீளமான மூங்கில் சிலாகையைக் குழாய்க்குள் விட்டு ஆட்டி ஆட்டி இழுத்தார். கை நிறைய வேர் வந்தது. நமது ஜம்பு மரத்து வேர். பழைய களிமண் குழாயின் மூட்டுகளுக்குள்ளால் நுழைந்து உள்ளே கொழுத்துப் போயிருந்தது. "மஹத்தயா, மேன்ஹோல் எங்க?" என்று கேட்டார். நான் மதிலைக் காட்டினேன். அவர் மதிலின் அடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேன்ஹோலுக்கு மேல மனுசன் தாப்பய கட்டுவானா?" என்றார். மதிலைத்தான் அப்படிச் சொன்னார்.

கட்டினோமே, தம்பி. அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு மாதமில்லை, பங்கு பிரிக்க உட்கார்ந்தோம். வீட்டைப் பிரித்தோம், முற்றத்தைப் பிரித்தோம், கிணற்றடியைக்கூடச் சண்டையில்லாமல் பிரித்தோம். இந்த மேன்ஹோல் குழியில் வந்து நின்றோம். என் பக்கம் வந்தால் அது ஈசான மூலை என்றேன் நான். உன் பக்கம் வந்தால் சாமி அறைக்கு நேரே என்றாய் நீ. சாத்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்போல் இருவரும் கதைத்தோம். நாற்றத்துக்குப் பயந்தோம் என்று ஒருவனாவது சொல்லவில்லை. "பிந்திப் பிறந்தவன் மிஞ்சினதை எடுக்கிறதுதான் முறை" என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அளக்க வந்தவர் பொறுமையிழந்து, குழியின் மூடிக்கு நடுவாலேயே நூலைப் பிடித்தார். அந்த நூலின் மேல்தான் மதில் எழும்பியது. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அன்று நீ சொன்னாய்: "சரி அண்ணை, பங்கும் முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது." நான் ரோஷக்காரன். அதையே பிடித்துக்கொண்டேன். ஊரில் அண்ணன் தம்பிகள் வயலுக்கும் தோட்டத்துக்கும் முறைத்துக்கொள்வார்கள். நாம் முறைத்துக்கொண்டது இதற்கு.

பாஸ் கண்ணாடி நிறத்து ரியூப்பில் தண்ணீர் நிரப்பி முன்னும் பின்னும் பிடித்து மட்டம் பார்த்தார். "உங்க பக்கத்தால ரோட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. வாட்டம் இல்ல. தண்ணி மேல ஏறாது, மஹத்தயா. அந்த வீட்டுப் பக்கம்தான் பள்ளம். அங்க கேளுங்க." அந்த வீடு என்றால் உன் வீடு. அங்கே இப்போது உன் வசந்தி தனியாக இருக்கிறாள்.

கேளுங்கள் என்று அவர் லேசாகச் சொல்லிவிட்டார். உன் செத்த வீட்டுக்கு வந்தவன், ஒழுங்கையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிட்டு, உன்னைத் தூக்கும்போது மட்டும் எழுந்து பின்னால் நடந்தவன் நான். உன் அந்தியேட்டிக்கு உன் அண்ணியை அனுப்பிவிட்டுக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. உன் மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கம். அந்த வாசலில் போய் நின்று, என் வீட்டு அழுக்கு உன் முற்றத்தால் போக வழி விடு என்று எந்த வாயால் கேட்பது? மூன்று நாள் ஒத்திவைத்தேன். நாலாம் நாள் உன் அண்ணி பஸ்ஸுக்குப் புறப்படும்போது படியில் நின்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பாஸையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வசந்தி கதவைத் திறந்தாள். மெலிந்துபோயிருக்கிறாள். "வாங்கோ அத்தான்" என்றாள், நேற்றும் வந்துபோனவனைக் கூப்பிடுவதுபோல. தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் மழையைப் பற்றிக் கதைத்தேன், தேங்காய் விலையைப் பற்றிக் கதைத்தேன், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல் ஏறி வருவதைப் பற்றியும் கதைத்தேன். பாஸ் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருவாறு சொல்லி முடித்தேன். மதிலை உடைத்து அந்தக் குழியைத் திறக்க வேண்டும், உன் முற்றத்தால் புதுக் குழாய் போகவேண்டும், நீ ஓம் என்றால்தான் நாங்கள் இந்த வீட்டில் இருக்கலாம் என்றேன்.

அவள் எழுந்து முற்றத்துக்குப் போனாள். சாமி அறை வாசலுக்கு நேரே வைத்திருந்த குரோட்டன் சாடிகளை ஒவ்வொன்றாய் நகர்த்தினாள். "மதிலை உடைச்சு என்ன அத்தான் செய்யப் போறீங்கள்? குழி இஞ்ச இருக்கு" என்றாள்.

சாடிகளுக்குக் கீழே சீமெந்து மூடி இருந்தது. பாஸ் அலவாங்கால் நெம்பித் திறந்தார். உள்ளே செங்கல் வைத்துக் கட்டி, சீமெந்து பூசி, சுத்தமாய் ஒரு குழி. சாமி அறைக்கு நேரே குழி வரக்கூடாது என்று நின்ற நீ, சாமி அறைக்கு நேரேயே அதைக் கட்டியிருந்தாய். ஏழு வருடத்துக்கு முன் நீ முற்றத்தைக் கிண்டுவது எனக்குக் கேட்டது. உன் குழாயை மாற்றுகிறாய் என்று மட்டும்தான் நினைத்தேன். ரோட்டு வரைக்கும் புதிதாய்ப் போட்டிருக்கிறாய். மதிலின் கீழுள்ள பழைய குழியிலிருந்து என் வீட்டுக் கழிவை அதற்குள் எடுத்துவிட்டிருக்கிறாய். இத்தனை வருடமும் என் வீட்டுத் தண்ணீர் உன் குழாயால்தான் போயிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

பாஸ் குழிக்குள் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார். "மஹத்தயா, இங்க இன்னொரு வாய் இருக்கு. மூடி போட்டு வச்சிருக்கு. உங்க பக்கம் பாத்துத்தான் இருக்கு. குழாயும் ஆறு அங்குலம். ஒரு வீட்டுக்கு நாலு போதும். இது ரெண்டு வீட்டுக்குப் போட்ட குழாய்."

வசந்திதான் சொன்னாள், நீ உன் கொத்தனாருக்குச் சொன்னதை: "அண்ணையின்ர பக்கத்துக் களிமண் குழாய் கனகாலம் நிக்காது. ஒரு வாய் விட்டு வையுங்கோ." நான் அவளைப் பார்த்து, "இதை ஏன் பிள்ளை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்கள் கேக்கேல்லையே, அத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் முற்றத்துக் கல்லில் இருந்துவிட்டேன்.

நீ சின்னனிலிருந்தே இப்படித்தான். எனக்குச் செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்திருந்த மாதம், விடிய எழும்பினால் தலைமாட்டில் ஒரு தெம்பிலி இளநீர் சீவி வைத்திருக்கும். யார் வைத்தது என்று கேட்டால், "பூனை வைச்சிருக்கும்" என்பாய். உன் பள்ளிக்கூட பஸ் காசு தெம்பிலிக்குப் போனதையும், நீ பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்து போனதையும் அம்மா பிறகுதான் கண்டுபிடித்தா. அப்போதும் உன்னிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி செய்வது தம்பியின் கடமை என்று விட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதை அதுவரை உன் அண்ணிக்குக்கூட நான் சொல்லியிருக்கவில்லை. நீ முற்றத்தைக் கிண்டிய அந்தக் கிழமை, என் இணைப்பை நீ வெட்டப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போனேன். என் குழாயில் கை வைத்தால் வழக்குப் போடுவேன் என்று உனக்குக் கடிதம் அனுப்புவித்தேன். ஒரு ஒழுங்கையில், ஒரு மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, பதிவுத் தபாலில்! நீ பதில் போடவில்லை. பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். சந்தோஷமாகவும் இருந்தது. அந்தக் கிழமை முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

வசந்தியிடம் அதையும் கேட்டுவிட்டேன். கடிதம் வந்தபோது நாலு அங்குலக் குழாய் முற்றத்தில் இறங்கியிருந்ததாம். நீ வாசித்துவிட்டு அவளிடம் கொடுத்து, "பாவம், அண்ணை பயந்திட்டார்" என்றாயாம். பிறகு கடைக்கு ஆளனுப்பி, நாலு அங்குலத்தைத் திருப்பிக் கொடுத்து ஆறு அங்குலம் எடுப்பித்தாயாம். அவள் இதைச் சொன்னபோது நான் அழுதேன், தம்பி. பாஸுக்கு முன்னாலேயே அழுதேன். அவர் வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்.

வேலை ஐந்து நாள் நடந்தது. புதுக் குழாய் கீழால் போவதற்காக மதிலில் நாலடி அகலத்துக்கு உடைத்து, பழைய குழியைத் தோண்டி எடுத்து மணல் நிரப்பினார்கள். என் குளியலறையிலிருந்து நீ விட்டுவைத்த வாய் வரைக்கும் புதுக் குழாய். ஜம்பு மரத்தைத் தறிக்கவில்லை. ஒட்டிய மூட்டுக்குள் வேர் நுழையாது என்று பாஸ் உறுதி சொன்னார். நீ போட்ட மூடியைக் கழற்றி, அந்த மூட்டுக்குத்தான் நான் என் கையால் பசை பூசினேன். அதை வேறொருவர் செய்ய நான் விடப்போவதில்லை என்று பாஸுக்குக் கண்டிப்பாய்ச் சொன்னேன். உடைத்த மதிலைத் திரும்பக் கட்டுவது பற்றி இதுவரை இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை. தரகர் வந்தார், உன் அண்ணி படலையடியிலேயே அவரை அனுப்பிவிட்டாள்.

கடைசி நாள் பரீட்சை. துணிக்குப் போடுகிற நீலத்தை வாளியில் கரைத்து என் பக்கத்துக் கக்கூஸில் ஊற்றவேண்டும். உன் பக்கத்துக் குழியில் நீலம் வந்தால் குழாய் சரி. நான் ஊற்றினேன். வசந்தி குழியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "வந்திட்டுது அத்தான்! நல்ல நீலமா வருது!" என்று அவள் கத்தினாள். உன் அண்ணி தெஹிவளைக்குக் கொண்டுபோகிற பையைக் கட்டிலில் வீசிவிட்டுக் கைதட்டினாள். நான் உடைந்த மதிலடிக்கு வந்து, "நன்றி பிள்ளை" என்றேன். உனக்கு ஒருநாளும் சொல்லாததை அவளுக்குத்தான் சொல்ல முடிந்தது.

உன்னைப்போலக் கேட்காமலே கொடுக்கிற மனம் எனக்கு இனி வராது. நான் அப்படி வார்க்கப்பட்டவனல்ல. ஆனால் வாய் திறந்து கேட்கலாம். உன்னிடம் அதைச் செய்யத் தவறினேன்.

நேற்றுப் பின்னேரம் வசந்தி வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டு வாங்கி வந்தேன். உன் அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "எங்கட பின்வளவில மரமே நிக்குதே! உங்களுக்கென்ன விசரே?" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன். "கேட்டுப் பழகிறன்."

அண்ணன்