மறுபடி ஊறிய ரத்தம்

2024 பெப்ரவரி 12

கொழும்பு ஆஸ்பத்திரி வார்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளை இன்று எனக்குப் பதிலாக யார் பார்த்துக்கொள்கிறார்களோ. சில மாதங்களாக அடுத்தவர் ரத்தத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஏற்றிய வாரம் ராணி, அடுத்த வாரம் கந்தல்.

எனக்கு என்னதான் வியாதி என்று டொக்டர் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ நூல் போல ஹிஸ்டோன் என்ற புரதக் கட்டைகளில் சுற்றிக் கிடக்கிறதாம். அந்தக் கட்டைகளிலும் நூலிலும் சின்னச் சின்ன ரசாயன அடையாளங்கள் ஒட்டுகின்றன. அவற்றைப் பொறுத்து நூல் சில இடத்தில் தளரும், சில இடத்தில் இறுகும். இறுகிய இடத்தைச் செல்லால் வாசிக்க முடியாது. என் எலும்பு மஜ்ஜையில், நல்ல ரத்தத்தை வளர்க்கச் சொல்லும் இடங்கள் பல அப்படி மூடிப்போய்விட்டன. இப்படியே விட்டால் ரத்தப் புற்றுநோயாக மாறலாம்.

நர்ஸ் ரிஸ்னா தமிழில் சுருக்கிச் சொன்னாள்: "எழுத்து அழியலக்கா, பூட்டிக் கிடக்கு. இந்த ஊசி அதைத் திறக்கப் பார்க்கும்."

மாதம் ஒரு வாரம் ஊசி. உடனே பலன் தெரியாது, புதிய செல்கள் பிறந்து வர வேண்டும், முதலில் ரத்தம் இன்னும் குறையும் என்றும் டொக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் வேலுசாமி பெரிதாகத் தலையாட்டினார். எல்லாம் புரிந்த மாதிரிதான்!

மார்ச் 11

இரண்டாம் சுற்று. வயிறு முழுக்க ஊசி குத்திய சிவப்பு.

ஏப்ரல் 3

ரத்தம் குறைந்துவிட்டது. டொக்டர் சொன்னபடிதான். ஆனால் என் வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது. றப்பர் மலையில் பால்வெட்டுக் கங்காணியாக இருந்து இருந்து, அவருக்கு உலகமே மரம்தான். பால் கூட்டுவதற்குப் பட்டையில் மருந்து பூசுவார்களே, அந்தக் கணக்கை எனக்கும் போடுகிறார்.

"பூசினா அடுத்த வெட்டுலயே பால் கூடணும். கூடாம குறைஞ்சா மருந்து மரத்தக் கொல்லுதுன்னு அர்த்தம். நிறுத்திறணும்."

சிரித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

ஏப்ரல் 6

ஆஸ்பத்திரியிலிருந்து போன் கோல் வந்ததாம். மூன்றாம் சுற்று ஊசி புத்தாண்டுக்குப் பிறகாம், திகதி பின்னர் சொல்வார்களாம். அவர்தான் சொன்னார். எனக்கும் நிம்மதி. பலகாரமாவது சுடலாம்.

ஏப்ரல் 19

ரிஸ்னா போனில் பேசினாள். ஏனக்கா ஊசிக்கு வரவில்லை, கட்டில் காலியாகவே கிடந்ததே என்கிறாள்.

அங்கிருந்து யாருமே எங்களுக்குக் கோல் எடுக்கலியாம். பொய்! இந்த மனுஷன் எங்கிட்டயா பொய் சொல்லிட்டாரு — அதுவும் இதுலயா? திறக்கத் தொடங்கினது திரும்ப மூடியிருந்தா? நான் செத்தா பரவாயில்லையா இவருக்கு?

கேட்டேன். வாசலில் நின்றபடியே அழுதார். "ஊசி போடப் போட நீ வெளுத்துக்கிட்டே போறடி. என் கண்ணு முன்னாலயே காஞ்சு போயிருவியோன்னு பயந்துட்டேன்."

"நான் மரமில்லீங்க," என்றேன்.

ஏப்ரல் 22

கொழும்புக்குத் தனியாகவே கிளம்பினேன். தெரணியகலையிலிருந்து அவிசாவளை வரை ஜன்னலில் சாய்ந்து கிடந்தேன். அங்கே பஸ் மாற இறங்கித் திரும்பிப் பார்த்தால், பின் கதவால் அவரும் இறங்குகிறார். என் பையை வாங்கிக்கொண்டார்.

டொக்டர் திட்டவில்லை. இடைவெளி விட்டால் அடையாளங்கள் திரும்ப ஒட்டிக்கொள்ளும், இனி விடாதீர்கள் என்று அவரைப் பார்த்தே சொன்னார்.

ஜூன் 17

பலன் இன்னும் ஒன்றுமில்லை. கடுப்பாக இருக்கிறது.

ஜூலை 15

ரத்தம் அப்படியே நிற்கிறது. கூடவில்லை, ஆனால் குறையவுமில்லை. நானாக ஆசையை வளர்க்கக் கூடாது. வளர்த்துவிட்டேன்.

ஓகஸ்ட் 12

கூடிவிட்டது! போன மாதம் ரத்தம் ஏற்றவேயில்லை, இருந்தும் கூடிவிட்டது. நானே ஊற வைத்த ரத்தம், முழுக்க முழுக்க என்னுடையது. டொக்டர் ரிப்போர்ட் கடதாசியைத் தூக்கிப் பிடித்து, "ஹரி ஷோக்!", பிரமாதம் என்று சிங்களத்தில் சொன்னார். நான் வார்டு என்றும் பாராமல் கை தட்டினேன். பக்கத்துக் கட்டில்காரிகளும் தட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே.

முற்றாகக் குணம் என்று யாரும் சொல்லவில்லை. ஊசியும் நிற்காது. நிற்க வேண்டாம், நான் வந்துகொண்டே இருப்பேன்.

செப்டெம்பர் 2

மடுவத்துக்குத் திரும்பிவிட்டேன். பிள்ளைகளைத் துரத்திப் பிடிக்க முடிகிறது.

ஒக்டோபர் 7

எதற்கும் இருக்கட்டும் என்று எனக்காக எடுத்துவைத்த ரத்தப் பை இந்த முறையும் தேவைப்படவில்லை. டொக்டர் அதை எதிர்க் கட்டிலுக்குக் கொடுக்கச் சொன்னார். குருவிட்டயிலிருந்து வந்த சிங்களப் பெண், என் ரத்த வகைதான், என் வியாதிதான், இரண்டாம் சுற்று. ரத்தம் குறைந்துவிட்டதென்று அவள் புருஷன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார், வீட்டுக்குக் கூட்டிப் போக.

எங்கள் கங்காணி போய் அந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டார். சிங்களத்தில் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது. முதலில் குறையத்தான் செய்யும், நானும் இப்படித்தான் முட்டாள்தனமாக நிறுத்தினேன், அதோ என் பொஞ்சாதியைப் பாருங்கள் என்றார். அந்த மனுஷன் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று காட்டினேன்.

பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கக் கண்டீனுக்குப் போனவர்கள்தான், வரக் காணோம். காத்திருந்து அலுத்து, வீட்டுக்குக் கிளம்பக் கட்டி வைத்த என் துணிப்பையை நானே தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கிப் போனேன்.